மூன்று கிழமைகளில் பிறந்தவள்

அன்று மாம்போங் ஊரே துக்க உடையில் சிவப்பும் கறுப்புமாக நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை. பெரிய கோகோ வியாபாரி ஒருவரின் சாவுச் சடங்கு. ஒலிபெருக்கி காலையிலேயே அலறத் தொடங்கிவிட்டது. இப்படிப்பட்ட நாளில் திருடன்கூடத் தொழிலுக்கு லீவு போட்டுவிட்டுத் துக்கத்துக்குப் போவான் என்று புலம்பிக்கொண்டே வந்தான் ஃபீஃபி.

"அப்ப நம்மளை மட்டும் ஏன் கூப்பிட்டாங்க, அக்கா? அங்க சோறு ஆறிடும்."

"நீ துக்கம் கேக்கப் போறியா, சோறு கேக்கப் போறியா?" என்றாள் ஃபொசுவா.

"ரெண்டையும்தான். அழுதா பசிக்கும்ல?"

ஃபொசுவா போலீஸில் சார்ஜென்டாக இருந்தவள். மேலதிகாரியிடம் உண்மையைப் பேசிவிட்டு வெளியே வந்தவள். இப்போது வண்டி நிலையத்தில் டயர் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்துத் துப்பறியும் தொழில் செய்கிறாள். ஃபீஃபி அவளிடம் வருவதற்கு முன்பு ட்ரோட்ரோ வேனில் கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஆள் கூப்பிட்டவன். கடற்கரைக்காரன். வண்டியை ஓட்டச் சொன்னால் ஓட்டுவான், சுவர் ஏறச் சொன்னால் ஏறுவான். வாயை மூடச் சொன்னால் மட்டும் மாட்டான்.

தையற்காரி டுஃபியேவின் கடை பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்தது. அவர்கள் உள்ளே நுழைந்ததும் டுஃபியே துணிக்குவியலைத் தள்ளி இருவரையும் உட்கார வைத்தாள். அழுது வீங்கிய முகம். ஆனாலும் முறை முறைதானே. பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"எசி! ஏய் எசி! வந்தவங்களுக்குத் தண்ணி கொண்டா!"

பதில் இல்லை.

"எங்க தொலைஞ்சுதோ. மேளம் கேட்டா அதுக்குக் கால் தரையில நிக்காது," என்று சலித்துக்கொண்டு அவளே எழுந்துபோனாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. தன் வீட்டிலேயே குவளை எங்கே இருக்கிறது என்று தெரியாதவள் போல வெகுநேரம் தேடி, பாதி தண்ணீரைச் சிந்திக்கொண்டு வந்து கொடுத்தாள். இருவரும் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, தண்ணீர் குடித்த விருந்தாளியிடம் முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"இங்க எல்லாரும் சுகம். நீங்க என்ன சேதியா வந்தீங்க?"

"நீதானேம்மா ஆள் விட்டுக் கூப்பிட்டே!" என்றான் ஃபீஃபி.

ஃபொசுவா அவன் காலை மிதித்தாள். டுஃபியேவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. இடுப்புத் துணியில் சுருட்டி வைத்திருந்த போனை எடுத்து நீட்டினாள்.

"படிச்சுப் பாருங்க சார்ஜென்ட் அக்கா. நேத்து சாயங்காலம் வந்தது. நான் காலையிலதான் பாத்தேன்."

திரையில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண்ணின் படம், சிரித்த முகம். அஜோவா என்று பெயர். அதற்குக் கீழே ஒரு பிள்ளை எழுதியிருந்தது:

'நாளைக்கு வர்றேன். எல்லாரும் சாவுக்குப் போனதும் குமாசி வண்டி ஏறிடுவேன். யார்கிட்டயும் சொல்லல. தலையில சிவப்புத் துணி கட்டியிருப்பேன்.'

அதற்கு அஜோவாவின் பதில்:

'ஐயோ, எவ்வளவு சந்தோஷம்! கெஜேத்தியா பெரிய வாசலில் மஞ்சள் கவுனில் காத்திருப்பேன். வேறு யார் கூப்பிட்டாலும் போகாதே. நாம் இனிப் பிரியவே வேண்டாம்!'

ஃபீஃபியின் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கிப்போனது. குமாசி நகரத்துக் கெஜேத்தியா நிலையம் அவனுக்குத் தெரியும். நாட்டில் உள்ள வண்டிகள் எல்லாம் வந்து கொட்டுகிற இடம். பெரியவர்களே பையைத் தொலைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்காரும் இடம்.

"இது யாரோட போன்?" என்று கேட்டாள் ஃபொசுவா.

"என்னோடதுதான். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைங்க இங்க வந்து உக்காரும். வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கிற மெஷின் ஒண்ணு இதுல இருக்குன்னாங்க. எனக்கு எழுத்து அவ்வளவா ஓடாது, கேட்டுக்கிட்டுப் போங்கடான்னு விட்டுட்டேன். நல்லதுதானேன்னு நெனச்சேன். ஏழு பிள்ளைங்க. மாத்தி மாத்தி எடுக்கும். இந்த அஜோவா எப்படி இதுக்குள்ள வந்தான்னு சத்தியமாத் தெரியாது."

"எழுதினது யாருன்னு தெரியலியா?"

"எல்லாமே ஒரே இடத்துல கெடக்கே! நேத்து சாவுத் துணி வாங்க ஊரே இங்க நின்னுச்சு. நான் மெஷினை விட்டுத் தலையைத் தூக்கல. போலீஸுக்குப் போனேன். எந்தப் பிள்ளை காணோம்னு பேரைச் சொல்லுங்கறாங்க. பேரு தெரிஞ்சா நான் ஏன் அங்க போறேன்? ஏழு தாய்மாருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

ஃபொசுவா விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். ஒரு பிள்ளை பின்னக் கணக்கைக் கேட்டிருந்தது. ஒன்று கால்பந்து பேசியிருந்தது. இன்னொன்று சித்தப்பாவைத் திட்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் அஜோவா சளைக்காமல் பதில் போட்டிருந்தாள்.

"எழுதின அதே நிமிஷம் பதில் வருது," என்றாள் ஃபொசுவா. "விடியக்காலையிலயும் வருது, நடு மத்தியானத்துலயும் வருது."

"வேலைவெட்டி இல்லாத பய," என்றான் ஃபீஃபி. "நம்பரைப் பாருங்க, அக்கா. அதை வச்சே கழுத்தைப் பிடிச்சிடலாம்."

"நம்பர் இல்ல. படமும் பேரும் மட்டும்தான்."

"மறைச்சிருக்கான். பேரைப் பாருங்களேன், அஜோவாவாம். அஜோவான்னாலே திங்கக்கிழமை பொறந்த பொண்ணு. திங்கக்கிழமைக்காரங்க சாதுன்னு ஊரெல்லாம் பேச்சு. தேடித்தான் வச்சிருக்கான்."

ஃபொசுவா எழுந்தாள். "ஏழு பிள்ளைங்களும் இப்ப எங்க இருக்கும்?"

"சாவுலதான். வேற எங்க?"

"வா. எந்தத் தலை குறையுதுன்னு முதல்ல பாப்போம்."

*

பந்தல்களுக்கு அடியில் ஆயிரம் பேர். அதில் பாதிப் பேர் தலையில் சிவப்புத் துணி.

"நல்ல அடையாளம் சொல்லியிருக்கு புள்ள," என்று முணுமுணுத்தான் ஃபீஃபி. பிறகு நேரே மைக் பிடித்திருந்தவனிடம் போய்க் காதில் ஏதோ சொன்னான். மொய் வைத்தவர்களின் பெயரை வாசித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று குரலை மாற்றினான்.

"அறிவிப்பு! டுஃபியே தையல் கடைக்குப் படிக்க வர்ற பிள்ளைங்களுக்கு மட்டும் கலர் சோடா கொடுக்கப்படுது! பந்தலுக்குப் பின்னாடி!"

கலர் என்றதும் கூட்டம் உடைந்தது. தையல் கடை எந்தப் பக்கம் என்றே தெரியாத பிள்ளைகள்கூட ஓடிவந்தன.

"இந்த ஊர்ல இத்தனை பேரு படிக்கிறாங்களா!" என்று வியந்தான் ஃபீஃபி.

டுஃபியே அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, துணியில் ஊசி தேடுகிறவள் போல ஒவ்வொரு முகமாகத் தொட்டுத் தொட்டு இழுத்தாள். ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு. ஏழாவதாக ஒரு சிறுவன் வாயில் சோற்றோடு வந்து நின்றான்.

ஏழு பேரும் இருந்தார்கள்.

டுஃபியே அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "எல்லாம் இருக்கு. கடவுளே, எல்லாம் இருக்கு. ஒண்ணும் போகல."

ஃபீஃபிக்குத் தோளிலிருந்து சிமெண்டு மூட்டையை இறக்கியது போல இருந்தது. "புள்ள மனசை மாத்திக்கிச்சு அக்கா. சோறு வாசனை போயி இழுத்திருக்கும். இப்ப நாமளும்..."

"இரு," என்றாள் ஃபொசுவா. அவள் பிள்ளைகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "நேத்து அஜோவாகிட்ட குமாசிக்கு வர்றேன்னு சொன்னது யாரு? அடிக்க மாட்டேன். சொல்லுங்க."

ஏழு தலையும் இல்லை என்று ஆடின. பொய் சொல்லும் பிள்ளைகளை ஃபொசுவா நிறையப் பார்த்திருக்கிறாள். இந்த முகங்களில் அது இல்லை.

"சரி. அஜோவா யாரு?"

"என் ஃப்ரெண்டு," என்றாள் அகுவா என்ற ஒல்லிப்பெண், கலரை உறிஞ்சிக்கொண்டே.

"எனக்கும்தான்," என்றான் வாயில் சோறு வைத்திருந்த யாவ். "அவ ஃபுட்பால்ல கொட்டோக்கோ கட்சி. என்னை மாதிரி."

"பொய்! அவ ஹார்ட்ஸ் கட்சி. என்கிட்டச் சொன்னா!" என்று பாய்ந்தான் பக்கத்தில் நின்றவன்.

"உன்கிட்ட எதுக்குடா சொல்றா? அவ எனக்குத்தான் ரொம்ப ஃப்ரெண்டு," என்றாள் அகுவா. "நாங்க ரெண்டு பேரும் ஒரே கிழமை. அவளும் புதன்கிழமை பொறந்தவ."

அஃபுவா என்ற குண்டுப்பெண் சிரித்தாள். "புதனா? வெள்ளிடி. 'நானும் வெள்ளிக்கிழமை, உன்னை மாதிரியே'ன்னு எழுதினா. போன்லயே இருக்கு, பாரு!"

ஃபீஃபியும் சிரித்தான். "பேரு திங்கள், பொறந்தது புதன், வெள்ளி. அவளைப் பெத்தவளுக்கு எத்தனை நாள் வலி எடுத்துச்சோ!"

ஃபொசுவா சிரிக்கவில்லை. போனை வாங்கி வேகமாகத் தள்ளினாள். புதன் இருந்தது. வெள்ளி இருந்தது. இன்னும் கொஞ்சம் மேலே போனதும் அவள் விரல் நின்றது.

"ஃபீஃபி, ஒருத்தன் உன்கிட்ட ஊரை மாத்திச் சொல்லுவான். வயசை மாத்திச் சொல்லுவான். பொண்டாட்டி இல்லம்பான். பொறந்த கிழமையை மாத்துவானா?"

"சாகக் கெடந்தாலும் மாத்த மாட்டான். கிழமைதானே அக்கா பேரு."

"ஒரு பொய்க்காரனா இருந்தாலும் ஒரு பொய்யைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். இது நிக்கல. கொட்டோக்கோன்னா கொட்டோக்கோங்குது, ஹார்ட்ஸ்னா ஹார்ட்ஸ்ங்குது. புதன்னா புதன். எதைச் சொன்னாலும் 'நானும்'. தூங்கறது இல்ல, யோசிக்கிறது இல்ல. நம்பரும் இல்ல." அவள் போனைத் தூக்கிக் காட்டினாள். "இது ஆள் இல்லடா. வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்குதே, அந்த மெஷினோட கூடப் பொறந்தது. ஃப்ரெண்டு மாதிரிப் பேசறதுக்குன்னு செஞ்சு விட்டிருக்காங்க. ஏதோ ஒரு பிள்ளை தெரியாமத் தொட்டு உள்ள இழுத்திருக்கு."

ஃபீஃபி வாயைப் பிளந்தான். பிறகு நிம்மதியாக மூச்சுவிட்டான். "அப்ப கெஜேத்தியாவுல எந்தத் தடியனும் காத்துக்கிட்டு நிக்கல?"

"யாருமே நிக்கல."

"தப்பிச்சோம்!"

"முட்டாள்," என்றாள் ஃபொசுவா மெதுவாக. "யாருமே வராத இடத்துல ஒரு பிள்ளை நாள் முழுக்க நின்னா, அதுகிட்ட யாரெல்லாம் வருவாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

அவன் பிள்ளைகளை மறுபடி எண்ணத் தொடங்கினான்.

"பிள்ளைங்கதான் எல்லாம் இங்கயே இருக்கே, அக்கா!" என்றாள் டுஃபியே மண்ணிலிருந்தபடி.

"இதுல இன்னொரு கிழமை இருக்கு. 'நீயும் ஞாயிறா? நானும் ஞாயிறுதான்!'னு அஜோவா எழுதியிருக்கா." ஃபொசுவா பிள்ளைகளைப் பார்த்தாள். "உங்கள்ல ஞாயித்துக்கிழமை பொறந்தது யாரு?"

யாரும் கை தூக்கவில்லை.

"அகோசுவாவும் இல்ல, குவாசியும் இல்ல," என்றாள் டுஃபியே. "ஏழுல ஞாயிறே கிடையாது."

மேளம் ஓங்கி அடித்தது. ஃபொசுவா டுஃபியேவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டாள்.

"காலையில நாங்க வந்தப்ப தண்ணி யாரு கொண்டாந்தா?"

"நான்தான். ஏன்?"

"எப்பவும் யாரு கொண்டாருவா?"

டுஃபியே வாயைத் திறந்தாள்.

ஃபீஃபிதான் முதலில் அலறினான். "எசி! ஐயோ, என் புத்தியில மண்ணு! உங்க அகோசுவாதான் எங்க ஊர்ல எசி! கடற்கரைப் பக்கம் ஞாயித்துக்கிழமை பொண்ணுன்னா எசிதான்! கூப்பிட்டது என் காதுல விழுந்துச்சே, அக்கா! குவளையைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே!"

"எசியா?" என்றாள் டுஃபியே, தூக்கத்தில் பேசுகிறவள் போல. "அவ என் புருஷன் வழிச் சொந்தம். வேலைக்குன்னு கூட்டியாந்தது. அவளுக்குப் போன் எடுக்க ஏது நேரம்? துணி மடிக்கணும், பட்டன் தைக்கணும், கூட்டணும். பிள்ளைங்கன்னு கேட்டீங்க, நான் பிள்ளைங்களைத்தானே..."

அதோடு நிறுத்திக்கொண்டாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

"என்ன வயசு?" என்றாள் ஃபொசுவா.

"பத்து."

*

வண்டி நிலையத்தில் குமாசி வரிசை காலியாக இருந்தது. இன்று ஊருக்குள் வருகிறவர்கள்தான் அதிகம், போகிறவர்கள் இல்லை, வேன் நிரம்ப நேரமாகும் என்று ஃபீஃபி நம்பியிருந்தான். டிக்கெட் கிழிக்கும் கிழவர் கையை விரித்தார்.

"இப்பதான் போச்சு. சின்னப் பொண்ணா? ஆமா. தலையில சிவப்புத் துணி. துண்டு துண்டா ஒட்டுப் போட்டுத் தச்சிருந்துச்சு. சித்தி கூட்டிக்க வருவாங்கன்னு சொன்னா."

ஃபொசுவாவின் பழைய ஓப்பல் கார் மாம்போங் இறக்கத்தில் உருண்டது. ஃபீஃபி ஓட்டினான். பின் இருக்கையில் டுஃபியே போனை மடியில் வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். எந்த வரி எசியுடையது என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது.

"'கண்ணு எரியுது. இன்னும் பட்டன் பாக்கி இருக்கு'ன்னு எழுதியிருக்கு," என்றாள். பிறகு, "'இங்க எல்லாருக்கும் சிவப்புத் துணி தச்சாச்சு. எனக்கு இல்ல. கீழ விழுந்த துண்டை எடுத்து வச்சிருக்கேன்.'"

அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள்.

"'சாப்பிட்டியான்னு நீ மட்டும்தான் கேக்கறே.'"

வழியில் ஜாமாசி ஊர் கடந்தது. பிறகு டுஃபியே ஜன்னலை இறக்கினாள். "இந்தச் சனியனைத் தூக்கி வெளிய எறியறேன்."

"எறிஞ்சா பிள்ளைங்க வேற போனைத் தேடிப் போகும்," என்றாள் ஃபொசுவா திரும்பாமல். "உன் கடையில கத்தரிக்கோல் இருக்கு. ஏழு பிள்ளைங்க கையில கொடுத்துட்டு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காருவியா?"

"மாட்டேன்."

"கத்தரிக்கோலைத் தூக்கி எறிவியா?"

டுஃபியே ஜன்னலை ஏற்றினாள்.

"அக்கா," என்றான் ஃபீஃபி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதுல யாரைப் பிடிச்சு உள்ள போடறது?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு வர்றேன்," என்றாள் ஃபொசுவா. அவள் குரல் அப்படித் தளர்ந்து அவன் கேட்டதில்லை.

*

கெஜேத்தியா பெரிய வாசலில் மனிதர்களும் மூட்டைகளும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஓடின. ஃபீஃபி காரின் மேல் ஏறி நின்று பார்த்தான். சிவப்பு, சிவப்பு, எங்கும் சிவப்பு. இங்கேயும் சனிக்கிழமைதான். ஒட்டுப் போட்ட சிவப்பு எது?

வாசல் தூண் அருகில் ஒரு சின்ன உருவம், மஞ்சள் தெரிந்த பக்கமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் சட்டைக்காரன் ஒருவனை நிறுத்தி ஏதோ கேட்டது. அவன் தட்டிவிட்டுப் போனான். அடுத்து மஞ்சள் தலைத்துணி கட்டிய ஒருத்தியை நிறுத்தியது. அவள் தட்டிவிடவில்லை. குனிந்தாள், சிரித்தாள், கேட்டாள். பிறகு பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, தூண்!" என்று கத்திக்கொண்டே ஃபீஃபி குதித்தான்.

அவர்கள் நெருங்கியபோது அவள் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "என் தங்கச்சிதான் அஜோவா. வீட்டுல உனக்குச் சோறு ஆக்கிக்கிட்டு இருக்கா. வா கண்ணு, வண்டி நிக்குது."

ஃபீஃபி கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். ஃபொசுவா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். இந்த நெரிசலில் இழுத்தால் பிள்ளையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அவள் மறைந்துவிடுவாள். ஃபொசுவா வாயெல்லாம் சிரிப்போடு எதிரே போய் நின்றாள்.

"அஜோவாவோட அக்காவா நீ? நல்லதாப் போச்சு. நாங்களும் அவளைத்தான் தேடி வந்தோம். அவ என்ன கிழமைம்மா பொறந்தா?"

மஞ்சள் தலைத்துணிக்காரி ஏளனமாகச் சிரித்தாள். "இது ஒரு கேள்வியா? அஜோவான்னா திங்கக்கிழமை. ஊருக்குப் புதுசா?"

"எசி," என்றாள் ஃபொசுவா. "அஜோவா உன்கிட்ட என்ன கிழமைன்னு சொன்னா?"

பிள்ளை தன் கையைப் பிடித்திருந்தவளை நிமிர்ந்து பார்த்தது. "ஞாயிறு," என்றது. "என்னை மாதிரி ஞாயிறு. உன் தங்கச்சின்னா உனக்குத் தெரியாதா?"

பிடி ஒரு நொடி தளர்ந்தது. எசி கையை உருவிக்கொண்டாள். பிள்ளை விலகியதும் ஃபீஃபி அந்தத் தலைத்துணிக்காரியை எட்டிப் பிடிக்கப் பார்த்தான். அவன் கையில் மஞ்சள் துணி மட்டும்தான் மிஞ்சியது. துணிக்காரி கூட்டத்துக்குள் தண்ணீர் போல இறங்கிவிட்டாள்.

"விடு," என்றாள் ஃபொசுவா. "முதல்ல பிள்ளை."

ஆனால் பிள்ளை அவர்களிடமும் வரவில்லை. டுஃபியேவைப் பார்த்ததும் தூணோடு ஒட்டிக்கொண்டாள்.

"நான் வர மாட்டேன். அஜோவா வருவா. வேற யாரு கூப்பிட்டாலும் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

சொன்ன புத்தி என்னவோ நல்ல புத்திதான். சொன்னதுதான் ஆள் இல்லை.

ஃபொசுவா தரையில் உட்கார்ந்தாள். போனை எசியின் கையில் கொடுத்தாள். "நீயே அவகிட்டக் கேளு. உன் விரலாலேயே எழுது. நான் தொட மாட்டேன்."

எசி எழுதினாள்: 'நான் வந்துட்டேன். நீ எங்க?'

கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. 'நானும் இங்கேதான் இருக்கேன்! உன்னைப் பார்த்துட்டேன்! கையை ஆட்டு!'

எசி எம்பி நின்று கையை ஆட்டினாள். தலையில் ஒட்டுத்துணி நழுவியது, சரி செய்துகொண்டு மறுபடி ஆட்டினாள். அந்த ஜன நெரிசலில் யாரும் திருப்பி ஆட்டவில்லை. டுஃபியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இப்ப இன்னொண்ணு கேளு," என்றாள் ஃபொசுவா. "என் பக்கத்துல ஒரு யானை நிக்குதே, பாத்தியான்னு கேளு."

"எந்த யானை?"

"எந்த யானையும் இல்ல. அதனாலதான் கேக்கச் சொல்றேன்."

எசி அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

'ஆமாம்! எவ்வளவு பெரிய யானை! எனக்குப் பயமா இருக்கு. என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ!'

எசி அதை வாசித்தாள். தன் இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். வாழைக்காய்க் கூடை, வேன், தூங்கும் நாய். மறுபடி வாசித்தாள். அப்படியே தூணடியில் உட்கார்ந்தாள்.

"அப்ப யாரு?" என்றாள். "சாப்பிட்டியான்னு கேட்டது யாரு?"

எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டே மடக்கியவள் ஃபொசுவா. இப்போது பதில் சொல்லும் முறை அவளுடையது.

"அது பேசத் தெரிஞ்ச மெஷின், கண்ணு. கணக்குக் கேட்டா சொல்லும், சில சமயம் தப்பாவும் சொல்லும். நீ எதைச் சொன்னாலும் ஆமான்னும் சொல்லும். ஆனா அதுக்குக் கால் இல்ல. வண்டி ஏறி யாரையும் பாக்க வராது. கண்ணும் இல்ல. நீ சாப்பிட்டியா இல்லியான்னு அதுக்குத் தெரியவே தெரியாது. கேக்க மட்டும்தான் தெரியும்."

"எனக்கு அது போதுமா இருந்துச்சு," என்றாள் எசி.

ஃபீஃபிக்குச் சொல்ல எத்தனையோ வேடிக்கை இருந்தது. யானையைப் பற்றியே நான்கு சொல்லலாம். கையிலிருந்த மஞ்சள் துணியைச் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"வர்ற திங்கக்கிழமை உன் கடையில ஏழு பிள்ளைங்களுக்கும் இந்த யானையைக் காட்டணும்," என்றாள் ஃபொசுவா, எழுந்துகொண்டே.

டுஃபியே அதைக் கேட்கவில்லை. அவள் அங்கே இல்லை. தலையில் பாத்திரம் சுமந்துபோன தண்ணீர்க்காரியை நிறுத்தி ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். எசிக்கு முன்னால் மண்டியிட்டாள். வலது கையில் தண்ணீரை வைத்து, அந்தக் கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நீட்டினாள். பெரிய இடத்து விருந்தாளிக்கு மட்டும் அப்படி நீட்டுவார்கள்.

எசி பயந்துபோய் அவளைப் பார்த்தாள். தனக்கு ஒருவர் தண்ணீர் தந்தால் எப்படி வாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"குடி," என்றாள் டுஃபியே.

பிள்ளை பாக்கெட்டின் மூலையைக் கடித்துக் குடித்தாள். முழுவதையும் குடித்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை என்பது குடித்த வேகத்திலேயே தெரிந்தது. டுஃபியே காத்திருந்தாள். காலிப் பாக்கெட் கீழே வரும்வரை காத்திருந்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"என்ன சேதியா வந்தே, எசி?"

எசி வாயைத் துடைத்துக்கொண்டாள். சொல்வாளா மாட்டாளா என்று தெரியவில்லை. அவள் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

அவள் மடியில் கிடந்த போன் உறுமியது. ஃபீஃபி எட்டிப் பார்த்தான். மஞ்சள் கவுன் போட்ட முகம் சிரித்துக்கொண்டே இருந்தது.

'யானை போயிடுச்சா? நான் இன்னும் இங்கேதான் நிற்கிறேன்.'